முதல் வாய்த் தண்ணீர்

அவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும் முதலில் கேட்டவரின் முகத்தை ஒரு நொடி பார்ப்பார். பிறகு "ஆவட்டும்மா" என்பார். ஆண்களாக இருந்தால் "ஆவட்டும்பா". சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. கேட்ட மாத்திரத்தில் மனது குளிர்ந்துவிடும். காலையில் எழுந்ததிலிருந்து வீட்டில் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிற பெண்களுக்கு அப்படி ஒரு மனிதர் தெருமுனையில் நிற்பது பெரிய விஷயம்.

பெயரைச் சொல்ல மாட்டேன். வேலையை விட்டு, தாமல் பக்கம் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பெயரைப் போட்டு எழுதினால் எங்கள் நகரில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். "அவரப் போயி இப்டி எழுதிட்டியே" என்பார்கள். எழுதாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. தண்ணிக்கார அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

காஞ்சிபுரத்தில் வேகவதி ஆற்றை ஒட்டி மனை போட்டு விற்ற நகர் எங்களுடையது. ஆற்றங்கரைக் காற்று வரும் என்று சொல்லி விற்றார்கள். நாங்கள் குடி வந்தபோது ஆற்றில் காற்று மட்டும்தான் இருந்தது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். நடுவில் கருப்பாக ஒரு சாக்கடை போகும், அதன்மேல் ஆகாயத்தாமரை. கரையிலிருந்து தள்ளி, நகருக்கென்று ஒரு கிணறும் ஒரு மேல்தொட்டியும் தெருவுக்கு ஒரு குழாயும் உண்டு. அத்தனை மணலைக் கடந்து ஊறி வருவதாலோ என்னவோ கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். நகர் சங்கம் அதைப் பார்த்துக்கொண்டது. மோட்டார் போட்டு, தொட்டியை நிரப்பி, காலையில் வால்வைத் திறந்துவிடுவது அவர் வேலை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பட்டுச்சேலைகளுக்கு ரவிக்கை தைப்பவள். என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறார். அவர் விடியும் முன்பே கிளம்பிவிடுவதால் தண்ணீர் பிடிப்பது என் பாடு.

குடி வந்த புதிதில் ஒருநாள் தண்ணீரில் ஏதோ நாற்றம் அடிப்பதாக எனக்குப் பட்டது. நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாண்ணா இது, சாயத் தண்ணி மாதிரி நாறுது. இதக் குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு அலையறதா?" என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். குழாயடியில் குனிந்து, இரண்டு கையையும் குவித்து, ஒரு வாய் பிடித்துக் குடித்தார். துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தாம்மா இருக்குது. புடி" என்றார். புதுக் குழாயின் வாடைதான் அது. இரண்டு நாளில் போய்விட்டது.

ஆனால் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. மறுநாளும் குடித்தார். அதற்கு மறுநாளும். பிறகு அவர் குடிக்காமல் யாரும் குடம் வைப்பதில்லை என்று ஆகிவிட்டது. வால்வைத் திறப்பார், கலங்கல் போகட்டும் என்று கொஞ்சம் விடுவார், ஒரு வாய் குடிப்பார், மீசையைத் துடைப்பார், "ம், புடிங்க" என்பார். மறந்துபோய்த் திரும்பினால், "ண்ணா, குடிச்சிட்டுப் போங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வந்திருந்த ஒரு வாத்தியாரம்மா சிரிப்பார். "எங்காத்துப் பக்கத்துல பெருமாள் கண்டருள்றதுக்கு முன்னாடி தளிகையை யாரும் வாயில வைக்கப்படாது. இங்க என்னடான்னா இவர் வாயில வச்சாத்தான் நமக்கே வருது" என்பார். அவரும் குடத்தோடு வரிசையில் நிற்பவர்தான்.

மழையைப் பற்றி அவரிடம் கேட்பதும் ஒரு வழக்கம். எதிர்த் தெருவில் நெசவு வீடுகள் உண்டு. காலையில் தெரு நீளத்துக்கும் பாவு நூலை இழுத்துக் கட்டி இழை சரிபார்ப்பார்கள். மழை வந்தால் அத்தனை பட்டும் பாழ். ஒருநாள் அப்படிப் பாவு போட்டிருந்த ஒருவர் ஓடி வந்து கேட்டார்.

"இன்னாண்ணா, மழ கிழ வருமா?"

"இன்னிக்கி எங்கப்பா வரும்? நல்லா காயும். நீ போடு."

அவர் போனதும் ஏனாத்தூரிலிருந்து பால் கொண்டுவரும் விவசாயி வண்டியை நிறுத்தினார். "நாத்து வாடுதுண்ணா. மழ வருமா?"

"சாய்ங்காலத்துக்குள்ள ஊத்தப் போவுது பாரு."

நான் விடவில்லை. "ஏண்ணா, ரெண்டு பேருக்கும் தலைக்கு மேல ஒரே வானம்தானே?" என்றேன்.

"அவன் மூஞ்சியப் பாத்தியாம்மா? பாவம்" என்றார். எவன் மூஞ்சி என்று சொல்லவில்லை.

இதில் யாராலும் அவரைப் பொய்யர் என்று பிடிக்க முடியவில்லை. வானமும் அவரைப் போலவே ஆகியிருந்தது. மழை வரவேண்டிய மாதத்தில் கத்திரி வெயிலாகக் காய்ந்தது. காயவேண்டிய மாதத்தில் திடீரென்று வந்து ஒரு பருவத்துக்கு உண்டானதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போனது. எல்லாவற்றுக்கும் அவர் வார்த்தை எப்படியோ பொருந்தியது.

ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டு, இரண்டுக்கும் போய், இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த கதை எங்கள் நகரில் பிரசித்தம். அடுத்தடுத்த மனைக்காரர்கள் வேலிச் சண்டை போட்டபோது இருவருக்குமே சாட்சி சொல்வதாகத் தலையாட்டியிருக்கிறார். இரண்டு பேரும் அவரை வைத்துத்தான் சமாதானம் ஆனார்கள் என்பது வேறு விஷயம். நாங்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவரும் கூட நின்று சிரிப்பார்.

என் மகள் எஸ்தருக்கு அவர் மாமா. அவள் நாலாவது படிக்கும்போது ஒரு பெருமழை. காய்ச்சலில் அவளுக்கு உடம்பு கொதித்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். நான் வாசலில் நின்று அழுவதைப் பார்த்துத் தண்ணிக்கார அண்ணன் வந்தார். "தூக்கிக்கினு போறீங்களாண்ணா?" என்று கேட்டேன். "ஆவட்டும்மா" என்று சொல்லி, அவளைத் தோளில் உட்காரவைத்து, மெயின் ரோடு வரைக்கும் தண்ணீரில் நடந்தார். நான் பின்னாலேயே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன். வழி நெடுக, "பாப்பா, மேல இருந்துக்கினு பாம்பு கீம்பு வந்தா சொல்லு" என்று அவளைச் சிரிக்கவைத்துக்கொண்டே போனார். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

அந்த மழைக்குப் பிறகு பல வருஷம் ஆறு மறுபடி செத்துக் கிடந்தது. வெயில் ஏற ஏறச் சாக்கடையும் வற்றிக் குழம்பானது. கெண்டை, குறவை எல்லாம் போய், எந்தச் சேற்றிலும் பிழைக்கிற மீசை மீன் மட்டும் மிஞ்சியது. கொட்டுவதற்கு இடம் தேடுகிறவர்கள் ஆற்றில் கொட்டினார்கள். கோழிக்கடைக் கழிவு, சாயக் கழிவு, செப்டிக் டேங்க் லாரி, எல்லாம். தண்ணீர் ஓடாத ஆறு எதையும் கொண்டுபோகாது. அத்தனையும் அங்கேயே இறுகிக் கிடந்தது. எங்களுக்கும் அது தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்து போவோம்.

எஸ்தர் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வளைகாப்பு முடிந்து கை நிறைய கண்ணாடி வளையல். அவள் நடந்தாலே வீடு முழுக்கச் சத்தம் கேட்கும். பெண் பிறந்தால் என்ன பெயர், பையன் பிறந்தால் என்ன பெயர் என்று தினமும் ஒன்று சொல்வாள், மறுநாள் மாற்றுவாள். நான் பழைய பட்டு ரவிக்கைத் துண்டுகளை வைத்துக் குழந்தைக்குத் தொப்பி தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த மழை வந்தது. விடாமல் ஊற்றியது. ஏரிகள் எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிரம்பி வழிந்தன. நடுவில் பல வருஷம் காற்று மட்டுமே வந்த ஆற்றில் கரை தெரியாமல் தண்ணீர் வந்தது. அடியில் இறுகிக் கிடந்ததையெல்லாம் பெயர்த்துக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் முதலில் ஏறிய தண்ணீர் கருப்பாக இருந்தது. அதில் மீசை மீன்கள் வயிறு மேலே தெரியச் செத்து மிதந்தன. கொக்குகள்கூட அவற்றைத் தொடவில்லை.

"ண்ணா, மீனெல்லாம் செத்து வருதே" என்று மாடியிலிருந்து கேட்டேன். அவர் முழங்காலளவு தண்ணீரில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"குளிருக்கும்மா. ஒண்ணும் இல்ல" என்றார்.

சேற்றிலேயே சாகாத மீன் குளிரில் சாகுமா என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்தப் பதில் அப்போதைக்கு நன்றாக இருந்தது. சங்கடம் என்னவென்றால், அவர் சொல்வது எப்போதும் அப்போதைக்கு நன்றாகவே இருக்கும்.

தண்ணீர் வடிந்தது. கிணற்றின் கைப்பிடிச் சுவர் முழுகி வெளியே வந்திருந்தது. அதன்மேல் சேற்றுக் கோடு. பல நாள் குழாய் வரவில்லை. கேன் தண்ணீர் வண்டிகளும் உள்ளே வர வழியில்லை. மாடித் தொட்டியில் மிச்சம் இருந்ததை அளந்து அளந்து குடித்தோம். பிறகு ஒருநாள் காலையில் குழாயடியில் சத்தம் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. நகரே குடத்தோடு ஓடியது.

அவர் எப்போதும்போல வால்வைத் திறந்தார். எப்போதும்போல விட்டார். எப்போதையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் விட்டார். குனிந்து ஒரு வாய் குடித்தார். மீசையைத் துடைத்தார். "ம், புடிங்க" என்றார். அவ்வளவு நாள் கழித்து அதைக் கேட்டதில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் குடத்தை நிரப்பிக்கொண்டு அவரிடம் தனியாகக் கேட்டேன்.

"ண்ணா, எஸ்தர் புள்ளத்தாச்சியா இருக்கிறா. காய்ச்சித்தான் குடுக்கணுமா? காய்ச்சுனா அவளுக்கு உள்ள எறங்க மாட்டுது, குமட்டுதுன்றா. சிலிண்டர் வேற தீரப் போவுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்திருப்பார் என்று எனக்கு இப்போது தெரியும். காய்ச்ச வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்குகிற ஒரு களைத்த பொம்பளையின் முகம்.

"எதுக்கும்மா காய்ச்சிக்கினு? நாந்தான் பச்சையா குடிக்கிறனே. பாரு" என்றார். எனக்காக இன்னொரு தடவை குனிந்து ஒரு வாய் பிடித்துக் குடித்தார். துண்டால் துடைத்தார். அப்புறம் சுவரோரம் திரும்பி வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

ஆமாம், அந்த மழைக்குப் பிறகுதான் அவர் வெற்றிலை போட ஆரம்பித்திருந்தார். அதுவரை டீயைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர். "இன்னாண்ணா, இந்த வயசுல புது மாப்புள மாதிரி வாயெல்லாம் செவந்து கெடக்குது" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். "ஈரத்துக்குப் பல்லு கூசுதும்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். "மாமாவே குடிச்சிட்டாருன்னா அப்புறம் இன்னாம்மா?" என்றாள். சொம்பில் மொண்டு, அண்ணாந்து, கடகடவென்று குடித்தாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

சில வாரம் கழித்து அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. மாசம் ஏற ஏற அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தபோது கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. நகரில் இன்னும் சில வீடுகளில் அதே மஞ்சள். உடம்புச் சூடு என்றார்கள். ஒரு விசேஷ வீட்டுச் சாப்பாடு என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்தார்கள். தண்ணீராக இருக்குமோ என்று யாராவது இழுத்தால் உடனே ஒரு பதில் தயாராக இருந்தது. "தண்ணியா இருந்தா மொதல்ல தண்ணிக்காரருக்கு இல்ல வந்திருக்கணும்?" அவர் கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதிலை அதிகம் சொன்னவள் நான். எஸ்தரைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கையை விரித்து, சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர் கேட்டார்.

"உங்க ஏரியாவுல வெள்ளம் வந்துச்சாம்மா? தண்ணி காய்ச்சிக் குடிச்சீங்களா?"

"எங்க தண்ணி நல்ல தண்ணிங்க டாக்டர். தண்ணி திறந்து வுடறவரே எங்க எதிர்ல குடிச்சிக் காட்டுவாரு. அவருக்கு ஒண்ணும் ஆவல."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் காமாலை தண்ணியிலதாம்மா வருது. மத்தவங்களுக்கு வந்துட்டுப் போயிடும். வயித்துல புள்ள இருக்குறவங்களத்தான் படுத்தி எடுத்துடும்" என்றார். நான் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டருக்கு எங்கள் நகரைப் பற்றி என்ன தெரியும் என்று வெளியே வந்து என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அந்த மனிதருக்காக நான் அப்படி வாதாடினேன்.

பிரசவ அறைக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் நர்ஸ் எஸ்தரின் வளையல்களைக் கழற்றி ஒரு பாலிதீன் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். எஸ்தருக்கு அப்போது நினைவு சரியாக இல்லை. குழந்தை பெண். அழவில்லை. எஸ்தர் பிழைத்ததே பெரிது என்றார்கள். நாங்களும் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னோம். சொல்லும்போதெல்லாம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்த பிறகு துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். தண்ணிக்கார அண்ணன் வரவில்லை. அவருடைய மனைவி வந்தாள். வெகுளியான பெண். வாசலில் சைக்கிளை நிறுத்தி, கேரியரிலிருந்து ஒரு தண்ணீர்க் கேனை அவிழ்த்து, இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். எஸ்தரின் தலையைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கேனை என் பக்கம் நகர்த்தினாள்.

"இதக் குடிக்கக் குடுக்கா. நாங்க மழ வுட்டதுலேந்து இதான் குடிக்கிறோம். அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு, ஆத்துத் தண்ணி கெணத்துல எறங்கிடிச்சி, அந்தத் தண்ணிய யாரும் வாயில வைக்கக் கூடாதுன்னு. பாலத்துக்கு அந்தாண்ட போயி தெனம் ஒரு கேனு அவரேதான் எடுத்துக்கினு வருவாரு."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

கட்டிலோரம் உட்கார்ந்து யோசித்தேன். வெற்றிலை ஞாபகம் வந்தது. வெற்றிலை போட்டவன் எங்கே துப்பினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் எதிரே இரண்டாவது தடவை குடித்துவிட்டுச் சுவரோரம் திரும்பினாரே, அது ஞாபகம் வந்தது. அந்தச் சாறு தண்ணீர் கலந்து வெளுத்து இருந்ததா, சிவந்து இருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன். அதை நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

இத்தனை வருஷம் அவருக்கு 'இல்லை' சொல்ல வராது என்று நினைத்திருந்தோம். அதை வைத்துச் சிரித்திருக்கிறோம். அவரிடம் அது இருந்திருக்கிறது. வெளியே எடுக்காமல் தன் வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். என்னைச் சுட்டது அதுதான். இன்றைக்கும் சுடுவது அதுதான்.

உடனே போய்க் கேட்கவில்லை. எஸ்தரைத் தனியே விட்டுவிட்டு நகர முடியாத நாட்கள் அவை. அதற்குள் தண்ணீரை வெளியே எங்கோ சோதிக்கக் கொடுத்து, சங்கத்தில் கூட்டம் போட்டு, கிணற்றை இறைத்துக் கழுவி, மருந்து போட்டு, தண்ணீர் சரியாகிவிட்டது என்று வீடு வீடாகச் சொல்லிப் போனார்கள். சங்கத்துச் செயலாளர் மூன்றாவது தெருவில் மனை விற்றுக்கொண்டிருந்தார். அவரே எல்லோருக்கும் முன்னால் நின்று வேலை வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். எஸ்தர் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, ஒருநாள் காலையில் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வரிசையில் பெண்கள் இருந்தார்கள். எனக்கு வழிவிட்டார்கள். அவர் வால்வைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். வாயில் வெற்றிலை இல்லை.

"கெணத்துல ஆத்துத் தண்ணி எறங்கனது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். அதுவரை அவரை 'நீங்க' என்று பேசியவள் நான். வாய் தானாக மாறிவிட்டது.

"தண்ணி வடிஞ்ச அன்னிக்கேம்மா" என்றார். மறைக்கவில்லை. "செக்ரெட்டரிகிட்ட சொன்னேன். பிளீச்சிங் பவுடர் போட்டாச்சி, ஜனங்களப் பயமுறுத்தாத, தொறந்து வுடுன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆவட்டும்னு சொன்னேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"எத்தினி நாளு தண்ணி இல்லாம குடத்த வச்சிக்கினு நின்னுக்கினு இருந்தீங்க. உங்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டு எப்டிம்மா..."

"உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்து மட்டும் எப்டி சொன்ன?"

குழாயிலிருந்து தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. வாத்தியாரம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணிக்கார அண்ணனைத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவர் அவ்வளவு பாவமாக நின்றார். தோளில் என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே ஆள்தான். அதைப் பார்த்ததும் ஒரு நப்பாசை வந்தது. ஒரு தடவையாவது எங்களோடு சேர்ந்து அவரும் குடித்திருந்தால் போதும், மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றேன். "எஸ்தருக்குக் காய்ச்சணுமான்னு நான் கேட்டேன் இல்ல? எனக்காகத் தனியா ஒரு வாய் குடிச்சிக் காட்டுனியே. அது உள்ள போச்சா? அந்த ஒரு வாயாவது முழுங்குனியா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக ஒரு நொடிதான் பார்ப்பார். இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தார். நடந்தது எது என்று அவர் யோசிக்கவில்லை. எதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. என் முகத்தில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"நீ எப்டி சொல்றியோ அப்டியே வச்சிக்கலாம்மா" என்றார்.

வரிசையில் பின்னாலிருந்து ஒரு பெண், புதிதாகக் குடி வந்தவளாக இருக்க வேண்டும், மெதுவாக, "ண்ணா, நேரமாவுது. குடிச்சிட்டு வுடுங்களேன்" என்றாள்.

அவர் குனிந்தார். இரண்டு கையையும் குவித்து ஒரு வாய் பிடித்தார். நான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி இறங்கியது. மீசையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ம், புடிங்க" என்றார். பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தை வைத்தார்கள். கிணறு கழுவியாகிவிட்டது, இனிமேல் அவர் தைரியமாகக் குடிக்கலாம். நான் காலிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன்.